ஒரு பழைய சிடி, நாலு எல்இடி, கொஞ்சம் வாழை உரம்: குமரி மாவட்டத்தில் இருந்து ஒளி ஆய்வுக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கிற பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால், "லேசர்ல ஆராய்ச்சி பண்ணணும்" என்று சிலராவது சொல்வார்கள். உடனே வரும் கேள்வி: "எந்தக் காலேஜ்ல சேரலாம், யாரு நல்ல கைடு?" அந்தக் கேள்வி மூன்றாவதாக வரவேண்டும் என்பது என் கருத்து. முதலில் ஒளியை உங்கள் கையால் அளந்து பாருங்கள். அந்த அளவில் எத்தனை சதவீதம் பிழை என்று சொல்லத் தெரிந்ததும் ஆய்வுக்கட்டுரை படியுங்கள். அப்புறம் ஆய்வகம் தேடுங்கள். இந்த வரிசை மாறினால், பிஎச்டியின் மூன்றாம் ஆண்டில் யாரோ எங்கேயோ எடுத்துக் கொடுத்த வரைபடத்தை விளக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

கீழே சொல்லும் மூன்று சோதனைகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஆகும். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தெரிந்தால் போதும்.

கண் விஷயம் முதலில்

லேசரில் தப்பு நடந்தால் விழித்திரையில்தான் நடக்கும். அது திரும்பி வராது. 1 மில்லிவாட்டுக்குள் இருக்கும் சிவப்பு லேசர் தற்செயலாகக் கண்ணில் பட்டால், கால் நொடிக்குள் இமை மூடிக் காப்பாற்றிவிடும். இரண்டாம் வகுப்பு லேசர் என்பது இந்தக் கணக்கில் வைத்த வரம்பு. கடையில் தொங்கும் பேனா லேசரில் 5 மில்லிவாட்டுக்குக் கீழே என்று அச்சிட்டிருக்கும். அதை அப்படியே நம்ப வேண்டாம்.

மலிவான பச்சை லேசரை ஆரம்பத்தில் தொடாதீர்கள். அதற்குள் 808 நானோமீட்டர் டையோடு ஒரு படிகத்தைத் தூண்டி 1064 நானோமீட்டர் அகச்சிவப்பை உண்டாக்குகிறது. இன்னொரு படிகம் அதைப் பாதியாக்கி 532 நானோமீட்டர் பச்சையாகத் தருகிறது. அகச்சிவப்பைத் தடுக்க வேண்டிய வடிகட்டியை விலை குறைக்க விட்டுவிட்டால், கண்ணுக்குத் தெரியாத கதிரும் கூடவே வெளியே வரும். தெரியாத ஒளிக்கு இமை மூடாது. அதேபோல, பழைய டிவிடி ரைட்டரைப் பிரித்து உள்ளே இருக்கும் டையோடை எடுத்து லேசர் செய்யும் வீடியோக்கள் நிறைய உண்டு. எழுதும்போது அந்த டையோடு 100 மில்லிவாட்டையும் தாண்டும். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த வேலையே வேண்டாம்.

மற்றபடி: கதிர் எப்போதும் மேசை உயரத்திலேயே போகட்டும், உட்கார்ந்தாலும் நின்றாலும் கண் அந்த மட்டத்துக்கு வரக்கூடாது. மோதிரம், வாட்ச், வளையலைக் கழற்றிவிடுங்கள். சிடி என்பதே ஒரு கண்ணாடிதான், கதிர் நேராக உங்களை நோக்கித் திரும்பும். மொட்டை மாடியில் நின்று வானத்தை நோக்கியோ கடலில் நிற்கும் வள்ளத்தை நோக்கியோ அடிக்கிற விளையாட்டும் கூடாது.

வாங்க வேண்டியது

எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், சிவப்பு லேசர் மாட்யூல் அல்லது பேனா லேசர், ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டர், ஒரு 10 கிலோஓம் பிரீசெட் (திருகித் தடையை மாற்றும் ரெசிஸ்டர்), ஒரு பிரெட்போர்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை, நீல எல்இடிகள். எல்இடி வாங்கும்போது நிறமற்ற தெளிவான தலை உள்ளதாகக் கேளுங்கள். பச்சையில் இரண்டு ஜாதி உண்டு: பழைய மஞ்சள்பச்சை 565 நானோமீட்டரை ஒட்டியது, புதிய பச்சை 525 நானோமீட்டரை ஒட்டியது. "அண்ணாச்சி, பியூர் கிரீன் தாங்க" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டாவது கிடைக்கும். இரண்டையும் வாங்கினால் இன்னும் நல்லது, வரைபடத்தில் ஒரு புள்ளி கூடும்.

சிடியும் டிவிடியும் எல்லார் வீட்டிலும் கல்யாண வீடியோ வடிவத்தில் அலமாரியில் இருக்கும். பாட்டியிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

சிடியை அளப்பது

சிடியில் தகவல் ஒரே நீண்ட சுருள் தடமாக, உள்ளிருந்து வெளியே ஓடுகிறது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு நடுவே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி. லேசர் புள்ளி விழும் இடத்தில் இது சமதூரக் கோடுகளின் வரிசையாகவே தெரியும்; அதாவது, மில்லிமீட்டருக்கு 625 கோடுகள் உள்ள விளிம்பு விளைவுக் கீற்றணி. கல்லூரி ஆய்வகத்தில் பூட்டி வைத்திருக்கும் கீற்றணி உங்கள் கையிலேயே இருக்கிறது.

ஒரு வெள்ளைச் சார்ட் அட்டையின் நடுவில் சிறு துளை போட்டுச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். அட்டைக்குப் பின்னால் லேசர், துளை வழியே கதிர் முன்னால் வரட்டும். அட்டைக்கு முன்னால் சரியாக 15 செ.மீ. தூரத்தில் சிடியை, பளபளப்பான பக்கம் துளையைப் பார்க்க, செங்குத்தாக நிறுத்துங்கள். நடுத் துளைக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் கதிர் விழவேண்டும், விழும் இடம் நடுத் துளைக்கு நேர் பக்கவாட்டில் இருந்தால் புள்ளிகளும் கிடைமட்டமாக வரும். நடுப்புள்ளி திரும்பித் துளைக்குள்ளேயே போகும்வரை சிடியைத் திருத்துங்கள். இப்போது அட்டையில் இரு பக்கமும் புள்ளிகள் தெரியும். இடது, வலது தூரங்கள் சமமாக இல்லையென்றால் சிடி இன்னும் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

நடுவிலிருந்து முதல் புள்ளி இருக்கும் தூரத்தை 15 செ.மீ.யால் வகுத்தால், அது விலகிய கோணத்தின் டேன். தடங்களின் இடைவெளியை அந்தக் கோணத்தின் சைனால் பெருக்கினால் அலைநீளம். 650 நானோமீட்டர் லேசரானால் முதல் புள்ளி நடுவிலிருந்து 6.7 செ.மீ. தள்ளியும், இரண்டாவது ஏறத்தாழ 21 செ.மீ. தள்ளியும் விழும். சிடியை எடுத்துவிட்டு டிவிடியை அதே இடத்தில் வையுங்கள். முதல் புள்ளியே 27.6 செ.மீ. போய்விடும், இரண்டாவது வரவே வராது. டிவிடியின் தட இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், அதனால்தான்.

இங்கே ஒரு சிக்கல். பேனா லேசரின் மேல் 630 முதல் 680 வரை என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள், உங்கள் லேசரின் உண்மையான அலைநீளம் உங்களுக்குத் தெரியாது. அது தெரியாமல் தட இடைவெளியை எப்படிக் கண்டுபிடிப்பது? டிவிடியின் சைன் மதிப்பைச் சிடியின் சைன் மதிப்பால் வகுத்துப் பாருங்கள். அலைநீளம் இரண்டிலும் ஒன்றே என்பதால் அடிபட்டுப் போகும், மிஞ்சுவது இரண்டு இடைவெளிகளின் விகிதம் மட்டும். 2.16 வரவேண்டும். ஆய்வு என்பதில் பாதி வேலை இதுதான்: தெரியாத ஒன்றை அளக்க முடியாதபோது, அது கணக்கிலிருந்து விழுந்துவிடும்படி சோதனையை அமைப்பது.

அடுத்து பிழை. 15 செ.மீ. என்று அளந்ததில் 1.5 மி.மீ. தவறினால் ஒரு சதவீதம். அந்த ஒரு சதவீதம் விடையில் அப்படியே வருமா? வராது. சைன் மதிப்பில் வரும் பிழை, டேன் மதிப்பின் பிழையைக் கோசைனின் வர்க்கத்தால் பெருக்கியது. சிடியில் கோணம் 24 பாகை, எனவே பிழை 0.83 சதவீதம். டிவிடியில் கோணம் 61 பாகை, பிழை 0.23 சதவீதம்தான். கோணம் பெரிதாகப் பெரிதாக, அட்டையின் தூரத்தில் நீங்கள் செய்த தவறு விடையைக் குறைவாகவே கெடுக்கிறது. இதை நீங்களே வகைநுண்கணிதம் போட்டுச் சரிபாருங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் ஆகாது.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு: தூரத்தை எந்த இடத்திலிருந்து அளந்தீர்கள்? சிடியில் ஒளி திரும்பும் அடுக்கு 1.2 மி.மீ. பாலிகார்பனேட்டுக்கு அடியில் இருக்கிறது. டிவிடியில் இரண்டு 0.6 மி.மீ. தட்டுகள் ஒட்டப்பட்டு அடுக்கு நடுவில் இருக்கிறது. பிளாஸ்டிக்குக்குள் கதிர் வளைந்து வெளியேறுவதால் புள்ளி அரை மில்லிமீட்டருக்குள் நகரும். உங்கள் ஸ்கேலின் துல்லியத்துக்கு அது பெரிய பாதிப்பா என்று முடிவு செய்து, காரணத்தோடு நோட்டில் எழுதுங்கள்.

புளூ-ரே தட்டு கிடைத்தால் அதையும் வைத்துப் பாருங்கள். புள்ளியே வராது. தட இடைவெளி 0.32 மைக்ரோமீட்டர், 650 நானோமீட்டர் சிவப்பின் அலைநீளம் அதைப் போல இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேல். எவ்வளவு சாய்த்து அடித்தாலும் அந்தச் சிவப்பில் புள்ளி பிறக்காது. கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, பச்சை லேசரை 42 பாகைக்கு மேல் சாய்த்து அடித்தால், கதிர் வந்த பக்கத்திலேயே ஒரு புள்ளி திரும்பும். ஏன் 42 என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடியுங்கள்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பதுதான் தகவல் சேமிப்பின் கதை. லேசர் புள்ளியை எவ்வளவு சிறிதாக்கலாம் என்பது, அலைநீளத்தை லென்சின் எண் துளையின் (லென்ஸ் ஒளியை எவ்வளவு அகலமான கூம்பாகக் குவிக்கிறது என்று சொல்லும் எண்) இரு மடங்கால் வகுத்த அளவை ஒட்டி இருக்கும். சிடி 780 நானோமீட்டரும் 0.45 எண் துளையும். டிவிடி 650, 0.60, புளூ-ரே 405, 0.85. கணக்குப் போட்டால் புள்ளி ஏறத்தாழ 870, 540, 240 நானோமீட்டர் என்று சுருங்குகிறது. சிடியில் குழியின் ஆழம் பிளாஸ்டிக்குக்குள் உள்ள அலைநீளத்தில் கால் பங்கை ஒட்டியது. குழியிலிருந்து திரும்பும் ஒளியும் சுற்றிலும் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அணைக்கும், கருவி அதை மங்கலாகப் படிக்கும்.

ஒரு புதிர் விட்டுவைக்கிறேன். சிடியின் மிகக் குட்டிக் குழி 0.83 மைக்ரோமீட்டர், டிவிடியில் 0.40. தட விகிதத்தையும் குழி விகிதத்தையும் பெருக்கினால் ஏறத்தாழ 4.5 மடங்குதான் வருகிறது. ஆனால் 0.7 ஜிகாபைட்டிலிருந்து 4.7 ஜிகாபைட், கிட்டத்தட்ட 7 மடங்கு. மீதி எங்கிருந்து வந்தது? பிழை திருத்தும் முறையிலும் தகவலைக் குறியீடாக்கும் முறையிலும் செய்த சிக்கனத்திலிருந்து. ஒளியியல் ஆய்வு என்று உள்ளே போனவர் ஒருநாள் கணினிக் கணிதத்தில் போய் நிற்பது இப்படித்தான்.

எல்இடியில் பிளாங்க் மாறிலி

எல்இடியில் ஓர் எலக்ட்ரான் கீழே இறங்கும்போது ஒரு ஒளித்துகள் வெளிவருகிறது. அந்தத் துகளின் ஆற்றலை நீங்கள் கொடுத்த மின்னழுத்தம்தான் தரவேண்டும். ஆகவே எல்இடி எரியத் தொடங்கும் மின்னழுத்தமும் ஒளியின் அதிர்வெண்ணும் ஒரே நேர்கோட்டில் நடக்கும், அந்தக் கோட்டின் சரிவை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால் பிளாங்க் மாறிலி.

பழைய செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டை பிரீசெட்டின் இரு முனைகளில் கொடுத்து, நடுமுனையிலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர், பிறகு எல்இடி என்று வரிசையாக இணையுங்கள். நீளமான கால் நேர்முனைக்கு. ரெசிஸ்டர் இல்லாமல் இணைத்தால் எல்இடி ஒரு தடவை நன்றாக எரியும், அத்தோடு சரி.

பாடப் புத்தகங்கள் "முதலில் ஒளி தெரியும் கணத்தில்" மின்னழுத்தத்தைக் குறிக்கச் சொல்லும். அதில் உங்கள் கண்ணும் அறையின் இருட்டும் கலந்துவிடும். பதிலாக, எல்லா எல்இடியிலும் ஒரே சின்ன மின்னோட்டத்தை வையுங்கள். 1 கிலோஓம் ரெசிஸ்டரின் இரு முனையில் 0.05 வோல்ட் வந்தால் 50 மைக்ரோஆம்பியர். அந்த நிலையில் எல்இடியின் இரு காலுக்கும் இடையே மின்னழுத்தத்தைக் குறியுங்கள். சிவப்பு 630 நானோமீட்டரும் நீலம் 470 நானோமீட்டரும் என்றால், இரண்டின் மின்னழுத்தத்துக்கும் இடையே 0.67 வோல்ட் வித்தியாசம் எதிர்பார்க்கலாம். அதிலிருந்து 6.6 × 10⁻³⁴ ஜூல் நொடி கிடைக்கும்.

அவ்வளவு அழகாக வராது. பத்துப் பதினைந்து சதவீதம் விலகினால் வியக்க வேண்டாம்; ஒவ்வொரு நிற எல்இடியும் வேறு வேறு குறைக்கடத்தியால் ஆனது, அவற்றின் உள் இழப்புகளும் வேறு. விலகல் எந்தப் பக்கம் என்று பார்த்து எழுதுங்கள். புத்தக விடையோடு ஒத்துப்போக வேண்டும் என்று ஒரு புள்ளியை மட்டும் மறுபடி மறுபடி எடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் அப்புறம் போகாது.

வெள்ளை எல்இடியை இந்த வரைபடத்தில் சேர்க்காதீர்கள். அது உண்மையில் நீல எல்இடி, மேலே மஞ்சள் ஒளிரும் பூச்சு. ஒரு டிவிடியின் இரண்டு தட்டுகளையும் ஓரத்தில் கத்தி முனை வைத்துப் பிரித்து, உலோகப் பூச்சை செலோ டேப்பால் உரித்து எடுத்தால் ஒளி ஊடுருவும் கீற்றணி கிடைக்கும். அதன் ஒரு துண்டைச் செல்போன் கேமரா முன் ஒட்டி, இருட்டில், ஒரு குறுகிய பிளவு வழியே வெள்ளை எல்இடியைப் பாருங்கள். நீலத்தில் ஒரு கூர்மையான பட்டை, பிறகு ஒரு மங்கல், அப்புறம் பச்சையிலிருந்து சிவப்புவரை அகலமான மேடு. பழைய சிஎஃப்எல் விளக்கில் மாறாகத் தனித்தனிக் கோடுகள் வரும். அதில் பாதரசத்தின் 546 நானோமீட்டர் பச்சைக் கோட்டை வைத்து உங்கள் கருவியை அளவு திருத்திக்கொள்ளலாம்.

அந்த நீலத்தைக் கொண்டுவரத்தான் முப்பது வருடம் பிடித்தது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை நிக் ஹோலோன்யாக் 1962இல் செய்தார். பிரகாசமான நீலம் 1990களில்தான் வந்தது. அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் நோபல் கிடைத்தது. நீல எல்இடியைச் செய்த காலத்தில் நகாமுரா வேலை பார்த்தது ஜப்பானில் பெருநகரங்களை விட்டு ஒதுங்கிய ஒரு நடுத்தர நிறுவனத்தில். ஊர் சின்னதாக இருப்பதை ஒரு குறையாகச் சொல்லும் நண்பர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

மஞ்சள் பூச்சு என்பது பெரும்பாலும் இட்ரியம் அலுமினியம் கார்னெட்டில் சீரியம் கலந்தது. அதே கார்னெட்டில் சீரியத்துக்குப் பதில் நியோடிமியம் கலந்தால், ஆய்வகங்களில் உலகம் முழுக்க ஓடும் 1064 நானோமீட்டர் லேசர். சீரியமும் நியோடிமியமும் எங்கே கிடைக்கும்? மணவாளக்குறிச்சி கடற்கரையில், மோனசைட் மணலில். 1909இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுகொண்ட அந்த மணலை இன்று அங்கே மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் பிரித்தெடுக்கிறது. ஆர்வத்தில் ஒரு கவர் மணலை வீட்டுக்கு அள்ளிவர வேண்டாம். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அணுசக்திச் சட்டத்தின் கீழ் வரும் பொருள் அது.

உரக்கடையில் ஒரு லேசர் படிகம்

தென் மாவட்டக் கல்லூரிகளில் இயற்பியல் ஆய்வு என்றால் ஒரு பெரிய பங்கு படிகம் வளர்ப்பது. லேசரின் நிறத்தை மாற்றும் நேரிலா ஒளியியல் படிகங்கள். அந்தக் குடும்பத்துக்கே மூத்த உறுப்பினர் கேடிபி, அதாவது பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். அமெரிக்காவின் அணுக்கரு இணைவு ஆய்வுக்கூடமான நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டியில் 192 லேசர் கதிர்களின் அகச்சிவப்பைப் புறஊதாவாக மாற்றுவது இந்தப் படிகத் தகடுகள்தாம். புதுப் படிகம் எவ்வளவு திறமையானது என்று சொல்லும்போது, "கேடிபியைப் போல இத்தனை மடங்கு" என்றுதான் கட்டுரைகளில் எழுதுவார்கள். 1968இல் கர்ட்ஸ், பெர்ரி என்ற இருவர் வகுத்த தூள் சோதனையிலிருந்து வந்த வழக்கம் அது.

இந்தக் கேடிபியை நம் ஊரில் வாழைக்குத் தெளிக்கிறார்கள். உரக்கடையில் 0:52:34 என்று கேளுங்கள். அந்த வெள்ளைத் தூள் இதே வேதிப்பொருள்தான், ஆய்வகத் தரத்துக்குச் சுத்தம் இல்லை, அவ்வளவுதான்.

100 மில்லி வெதுவெதுப்பான நீரில் 30 கிராம் கரைத்து, வடிதாளில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். நீர் கிணற்று நீராக வேண்டாம், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் வாங்குங்கள். ஆறியதும் அடியில் சின்னப் படிகங்கள் விழும். அவற்றை எடுத்து மறுபடி கரைத்து மறுபடி விழவிட்டால் இன்னும் சுத்தமாகும். தெளிவாக, முகங்கள் கூர்மையாக உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தெவிட்டிய கரைசலில் போட்டு, மேலே ஊசித் துளையிட்ட பாலிதீன் கட்டி, யாரும் தட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் இது. ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் கரைசல் வற்றவே வற்றாது. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் இன்னும் மோசம். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் கணவாய்க் காற்று எப்போதும் வீசுவதால் நேர்மாறான பிரச்சினை: கரைசல் வேகமாக வற்றி, ஒரு நல்ல படிகத்துக்குப் பதில் ஒரு கூட்டம் குட்டிப் படிகங்கள் விழும். துளைகளைக் குறையுங்கள். தினமும் வெப்பநிலையை எழுதுங்கள்.

படிகம் வந்தாயிற்று, லேசர் படிகம் என்று எப்படித் தெரியும்? நிறம் மாற்றிக் காட்டுவதற்கு வீட்டில் வழியில்லை. அதற்கு வேண்டிய லேசர் ஆபத்தானது. ஆனால் படிகம் ஒளியைத் திசைக்குத் திசை வேறுபடுத்தி நடத்துகிறதா என்று பார்க்கலாம். எல்சிடி மானிட்டரில் வெள்ளைத் திரையைப் போடுங்கள், அதிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே முனைவாக்கப்பட்டது. பழைய கால்குலேட்டரிலிருந்து உரித்த முனைவாக்கித் தாளைக் கண்முன் பிடித்து, திரை கறுப்பாகும்வரை சுழற்றுங்கள். இப்போது இடையில் படிகத்தைப் படுக்கைவாக்கில் வைத்து மெல்லத் திருப்பினால், கறுப்புக்கு நடுவே அது பளிச்சென்று தெரியும், 90 பாகைக்கு ஒரு தடவை அணையும். நீள அச்சு வழியே பார்த்தால் இருட்டாகவே இருக்கும். ஒப்பிட, நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் வாங்கி அதையும் வளர்த்து வையுங்கள். படிகாரம் எப்படித் திருப்பினாலும் இருட்டு, ஏனென்றால் அதன் அமைப்பு கனசதுரம். இந்த ஒப்பீடு இல்லாமல் கேடிபியை மட்டும் காட்டினால் அது வேடிக்கை. கரைசலில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் உலரவிட்டு இதே மாதிரிப் பார்த்தால் மெல்லிய ஊசிகளில் நிறங்கள் வரும்.

முனைவாக்கி கையில் வந்தபின் மார்த்தாண்டம் தேனை விட்டுவைப்பானேன்? பூந்தேன் பெரும்பாலும் ஒளியின் முனைவுத் தளத்தை இடப்பக்கம் திருப்பும், கரும்புச் சர்க்கரைப் பாகு வலப்பக்கம் திருப்பும். கலப்படத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று துள்ளுவதற்கு முன் ஒன்று: அமிலம் சேர்த்து உடைத்த சர்க்கரைப் பாகும் இடப்பக்கமே திருப்பும். சோதனை எதைப் பிடிக்கும், எதைக் கோட்டைவிடும் என்று சேர்த்து எழுதினால், கல்லூரித் திட்டப்பணிக்கு இது நல்ல தலைப்பு. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் இறுதியாண்டு மாணவர் திட்டங்களுக்கு நிதி தருகிறது, ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம்.

கடற்கரையை ஒட்டிய ஊர்க்காரர்களுக்குத் தனியாக: உப்புக் காற்று லேசர் மாட்யூலின் கம்பிகளைப் பச்சை பூக்கச் செய்யும், லென்சில் பூஞ்சை பிடிக்கும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

கட்டுரை படிப்பது

இவ்வளவும் செய்த பிறகு ஆய்வுக்கட்டுரையைத் திறந்தால் அது வேறு மாதிரித் தெரியும். முதலில் வரைபடங்களைப் பாருங்கள்: அச்சுகளில் என்ன, அலகு என்ன, பிழைக்கோடு இருக்கிறதா. பிறகு சோதனை முறை. முன்னுரை கடைசியில் படித்தால் போதும். ஐஐடிகளின் விரிவுரைகள் கிடைக்கும் என்பிடெல் தளத்தில் லேசர், ஃபோட்டானிக்ஸ் விரிவுரைகள் இலவசம். ஆர்கைவ் தளத்தில் கட்டுரைகளும் இலவசம்.

படிகக் கட்டுரைகளில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. ஓர் அமினோ அமிலத்தையும் ஓர் உப்பையும் ஒரே கரைசலில் போட்டு, வந்த படிகத்தைப் புதுச் சேர்மம் என்று அறிவித்து, பிறகு வேறு ஆய்வாளர்கள் சோதித்தபோது அது தொடங்கிய பொருளே என்று தெரியவந்த நிகழ்வுகள் உண்டு. எடை விகிதத்தையும் எக்ஸ் கதிர்த் தரவையும் பார்க்காமல் நம்பாதீர்கள்.

தகவல் சேமிப்பில் இறங்க நினைப்பவர்கள், தட்டுகளின் காலம் முடிந்துவருவதைக் கணக்கில் எடுங்கள். பதிவு செய்யும் புளூ-ரே தட்டுகளின் உற்பத்தியை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. ஆய்வு இப்போது நகர்ந்திருப்பது, மிகக் குறுகிய லேசர் துடிப்புகளால் கண்ணாடிக்குள் எழுதும் முறைக்கு. சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் அதில் வேலை செய்திருக்கின்றன. ஒளி உமிழும் கருவிகளில் ஓஎல்இடி, குவாண்டம் புள்ளி, பெரோவ்ஸ்கைட் என்று வேலை இன்னும் நிறைய இருக்கிறது. என்னைக் கேட்டால், புதிதாக வருபவருக்கு இந்தப் பக்கம்தான் கதவு அகலம்.

இப்போது ஆய்வகம்

மாவட்டத்துக்குள் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி போன்றவை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. வீட்டில் அளந்த சிடிக் கணக்கை அங்கே முதுகலை ஆய்வகத்தின் 632.8 நானோமீட்டர் ஹீலியம் நியான் லேசரில் மறுபடி செய்து பார்க்க அனுமதி கேளுங்கள். நோட்டைக் காட்டினால் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள்.

பலர் சென்னையைப் பார்த்துக்கொண்டே இருந்து, பக்கத்தில் இருப்பதை விட்டுவிடுகிறார்கள். நாகர்கோவிலில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் திருவனந்தபுரம். பாப்பனங்கோட்டில் மத்திய அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆரின் நிஸ்ட் ஆய்வகம், விதுராவில் அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனமான ஐசர், வலியமலாவில் விண்வெளி அறிவியல் நிறுவனம், காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் ஆப்டோ எலக்ட்ரானிக்ஸ் துறை. இன்னும் வடக்கே கொச்சிப் பல்கலைக்கழகத்தில் ஃபோட்டானிக்ஸுக்கென்றே ஒரு பள்ளி. மலையாளம் நம் மேற்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தடையே இல்லை. தூரம் போகத் தயார் என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையம், இந்தூரில் ராஜா ராமண்ணா மையம்.

வழிகாட்டியைச் சந்திக்கும்போது கேட்க வேண்டியது: எந்த அளவீடுகள் இங்கேயே நடக்கின்றன, எவை வெளியே அனுப்பப்படுகின்றன? லேசரை மாணவரே இயக்கலாமா? இப்போது இருக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசலாமா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தால் யோசியுங்கள். கருவி வெளியே இருப்பது குற்றமில்லை, சிறிய கல்லூரிகளுக்கு வேறு வழியும் இல்லை. மாதிரி அனுப்பும்போது மாணவரும் கூடப் போய் உட்கார்ந்து பார்க்கிறாரா என்பதே வித்தியாசம்.

பணம்: நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள தொகை. முதுகலைக்கு ஐஐடி போக ஜேம் தேர்வு, பிப்ரவரியில் நடக்கும். இளங்கலையில் இருப்பவர்களுக்கு மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைதான் நல்ல நுழைவாயில். இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை.

விஞ்ஞானிக்கு எழுதும் மின்னஞ்சலில் "சிறுவயது முதலே அறிவியலில் தணியாத ஆர்வம்" என்று தொடங்காதீர்கள், அப்படித் தொடங்கும் கடிதங்கள் அவருக்குத் தினமும் வரும். அவருடைய ஒரு கட்டுரையில் உங்களுக்குப் புரியாத ஓர் இடத்தை இரண்டு வரியில் கேளுங்கள். உங்கள் எல்இடி வரைபடத்தை ஒற்றைப் பக்கமாக, விலகலும் பிழையும் மறைக்காமல், இணையுங்கள். எந்த மாதங்களில் வரமுடியும் என்று சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு தடவை நினைவூட்டலாம், அதற்கும் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். கோடைக்கு இடம் வேண்டுமென்றால் தீபாவளிக்கு முன்பே எழுதத் தொடங்கிவிட வேண்டும்.